கலர் போடாத சிக்கன் ரைஸ்

என் வீட்டுக்காரரை முதலில் அடித்தவன் என் கூடப்பிறந்த தம்பி. எங்கள் கடை அடுப்பில் கிடந்த நீளக் கரண்டியைப் பிடுங்கி, சூட்டோடு அவர் தோளில் இறக்கினான். "என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குறா, நீ இங்க ஜாலியா வறுத்துக்கிட்டு இருக்கிறியா?" என்று கத்திக்கொண்டே இன்னொன்று வைத்தான். அவனுக்குப் பின்னால் அவன் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனி ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் எங்கள் வாடிக்கைக்காரர்கள். யாருக்கு முட்டை தூக்கலாக வேண்டும், யாருக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகும் ரோட்டோரம் எங்கள் பாஸ்ட் ஃபுட் வண்டி நின்றது. மற்றவர்கள் சாயங்காலம் கடை போடுவார்கள். நாங்கள் மத்தியானமே அடுப்பைப் பற்றவைத்துவிடுவோம். கம்பெனிகளில் மதிய ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை எங்களிடம் பார்சலாக வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். தம்பி அங்கே சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவன். அவன் மனைவி பீங்கான் சாமான்களைப் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கிறவள். முந்தின நாள் அவளுக்கு மதிய ஷிஃப்டு, அவனுக்குக் காலை ஷிஃப்டு. எங்களிடம் வாங்கிப்போன சிக்கன் ரைஸைத் தின்ற அவளும் இன்னும் சிலரும் விடிவதற்குள் வாந்தியும் பேதியுமாகக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அவளுக்குத்தான் ரொம்ப மோசம், நினைவு தப்பி விழுந்துவிட்டாள். இந்தச் செய்தி எங்களுக்குக் கரண்டி வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

"என்னா ஆச்சு, சொல்லிட்டு அடிடா" என்று என் வீட்டுக்காரர் கேட்டதுதான் தாமதம், பின்னால் நின்றவன் வண்டிச் சக்கரத்தை எட்டி உதைத்தான். வண்டி சாய்ந்தது. பக்கோடா வெந்துகொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி அப்படியே சரிந்து வந்தது. அவர் அதைப் பிடிக்கப் போனார். அடுப்பில் நிற்கிறவனுக்கு அது தானாக வருகிற பழக்கம், சட்டி சரிந்தால் பிடிக்கக் கை போய்விடும். வலது கை முழங்கை வரைக்கும் எண்ணெயில் நனைந்தது. அவர் போட்ட சத்தத்தில் எதிரே நின்ற ஆட்டோக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்று எங்கள் அம்மா சொல்வாள். அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது. இரும்பு வாணலியை இரண்டு கையாலும் தூக்கி என் தம்பியின் நெற்றியில் அடித்தேன். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "அக்கா" என்றான். "அக்காவா? யாருக்குடா அக்கா?" என்று மறுபடி ஓங்கினேன். அடுத்தவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். முட்டைக்கோஸ் நறுக்குகிற கத்தி கைக்கு அகப்பட்டது. "வாங்கடா! எவனுக்குக் கழுத்து வேணாமோ அவன் முன்னால வா!" என்று நின்றேன். ஒருவரும் வரவில்லை. தள்ளி நின்று கல்லை எறிந்தார்கள். சாஸ் பாட்டில்கள் உடைந்து ரோடெல்லாம் சிவப்பாக ஓடியது. அதில் எது சாஸ், எது என் தம்பி ரத்தம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. அடிக்கத் தைரியம் இல்லாதவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் நாங்கள் விஷச் சோறு விற்றவர்களாக ஊர் முழுக்கப் போய்விட்டோம்.

கடைசியில் எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு வார்டில் என் வீட்டுக்காரர், கை முழுக்க வெள்ளை மருந்து. வெளியே பெஞ்சில் தம்பி, நெற்றியில் தையல். பெண்கள் வார்டில் அவன் மனைவி, கையில் டிரிப்ஸ். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததில்லை.

கலர் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் எங்கள் சிக்கனில் என் வீட்டுக்காரர் சிவப்புப் பொடி போடுவார். கொஞ்சம்தான், ஆனால் கறி செக்கச்செவேலென்று கண்ணைப் பறிக்கும். ஒரு நாள் ஃபுட் ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, பாத்திரத்தோடு கறியை வாங்கி, ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டி, மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினார். இனிமேல் கலர் போட்டால் கேஸ், பழைய எண்ணெயில் பொரித்தால் கேஸ், பச்சை முட்டை மயோனைஸ் வைத்தால் கேஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் இவர் என்னிடம் பாய்ந்தார்.

"நெறம் இல்லன்னா எவன்டி வாங்குவான்? நானா ஊட்டி வுடறேன்? அவங்க காசு, அவங்க வாயி. கேட்டு வாங்கித் துன்றாங்க. இதுல கவர்மென்ட்டுக்கு என்னா வந்துது?"

"துன்றவனுக்கு அதுல என்னா இருக்குதுன்னு சொல்லிட்டா போடற? சொல்லிட்டுப் போடு பாப்போம்" என்றேன். சொல்லிவிட்டு அந்தப் பொடிப் பாக்கெட்டைச் சாக்கடையில் வீசினேன். கன்னத்தில் ஒன்று விட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, கையில் இருந்த தட்டால் முதுகில் சாத்தினேன். டீக்கடைக்காரர் வந்து விலக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கலர் போடுவதை நிறுத்தினார். எங்கள் சிக்கன் வெளிறிப்போய் நின்றது. பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்கு மாறிப்போனார்கள். அவர் நிறுத்திவிட்டார் என்பதை நான்தான் நம்பவில்லை. கடை கட்டியதும் அவர் கை கழுவும்போது நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும்.

அதனால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து அவர் காதில் கேட்டேன். "மறுபடி ஏதாவது கலந்தியா? உண்மையச் சொல்லுய்யா."

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த மௌனம் எண்ணெயை விட மோசமாகச் சுட்டது. அவர் கலந்திருந்தால் தம்பி அடித்ததில் நியாயம் இருக்கிறது, நான் அவன் மண்டையை உடைத்தது அநியாயம். பெண்கள் வார்டில் கிடக்கிறவள் செத்துப்போனால் நான் ஒரு கொலைகாரனோடு குடும்பம் நடத்துகிறவள். கலக்கவில்லை என்றால் இந்த ஊர் ஒரு அப்பாவியின் கையை வேகவைத்திருக்கிறது. இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. "அந்தக் கைமேல சத்தியம் பண்ணு" என்று கூடக் கேட்டேன். மருந்து வைத்த நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார்.

மறுநாள் அதே ஆபீசர் வந்தார். முதலில் எங்கள் எண்ணெயிலும் ஐஸ் பெட்டியில் மிஞ்சியிருந்த மசாலாக் கறியிலும் மாதிரி எடுத்துக்கொண்டு, வண்டிக்குச் சீல் வைத்துவிட்டு, அப்புறம் பெண்கள் வார்டுக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். வாயில் வந்த வார்த்தையை எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டுதான் போனேன். போலீஸ் முதல் சொந்தக்காரர் வரை எல்லோரும் நினைவு திரும்பின தம்பி மனைவியிடம் எங்கே வாங்கினாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். ஆபீசர் வேறு கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்கு வாங்கின, எத்தன மணிக்குச் சாப்ட்டம்மா? நடுவுல எங்க வச்சிருந்த?"

"மத்தியானம் வாங்கினது சார். அன்னிக்கு லோடு அனுப்பற அவசரம், சாப்ட பத்து மணிக்கு மேல ஆயிடுச்சு. எங்க வப்போம், சூளச் செவுத்து மேலதான்."

"சூளைலயா?"

"ஆமா சார். எல்லாரும் அங்கதான வப்போம். எடுக்கறப்ப கதகதன்னு இருக்கும்."

அது அங்கே எல்லோருக்கும் வழக்கம். நாள் முழுக்கக் களிமண் தண்ணீரில் கையை வைத்திருக்கிறவர்களுக்கு ஆறின சோறு தொண்டையில் இறங்காது. சூடு பண்ண வேறு இடமும் கம்பெனியில் கிடையாது. சூளையின் வெளிச்சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். டிபன் கேரியர், பார்சல் எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொதிக்கற சூட்டுலயும் சோறு கெடாது, ஃப்ரிட்ஜுலயும் சீக்கிரம் கெடாதும்மா. இந்த வெதுவெதுப்புலதான் கிருமி பெருகும். அதுவும் பிளாஸ்டிக் கவருல கட்டி, இத்தன நேரம். அப்பறம் திரும்பச் சுட வச்சாக்கூட அந்த விஷம் போவாது. கடையில நின்னு சாப்ட்டவங்க யாராவது இங்க வந்து படுத்திருக்காங்களா?"

ஒருவரும் இல்லை. அத்தனை பேர் அடிக்க வந்தார்களே, அதில் ஒருவனுக்காவது இந்தக் கேள்வி தோன்றியதா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆபீசரைக் கும்பிட வேண்டும்போலவும் இருந்தது, அறைய வேண்டும்போலவும் இருந்தது. ஏனென்றால் அடுத்த மூச்சில் அவர், "இது நான் நெனைக்கிறது. லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சீல் சீல்தான்" என்றார்.

ஆண்கள் வார்டுக்கு ஓடி இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவார், போட்டால் சாப்பிடுவார். நான் கத்தினேன், பாத்திரத்தை எறிந்தேன், ஒரு நாள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கலந்தேன் என்றும் சொல்லவில்லை, கலக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் வெந்த தோல் இறுகி, விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. வாணலி பிடிக்கிற கை அது.

ரிப்போர்ட் வந்தது. கலர் இல்லை, கறியில் குறை இல்லை, எண்ணெயில் குறை இல்லை. சீலை எடுத்துவிட்டார்கள். அடித்தவர்களில் யாரும் அந்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பவில்லை. சூளைச் சுவரில் சாப்பாடு வைக்கக் கூடாது என்று கம்பெனியில் போர்டு மாட்டினார்களாம். போர்டுக்குக் கீழேயே வைக்கிறார்களாம். எங்க சோறு, எங்க இஷ்டம் என்கிறார்களாம்.

அந்த வாரமே தம்பி வீட்டுக்கு வந்தான். மனைவியையும் கூட்டி வந்திருந்தான், அவள் தேறியிருந்தாள். "மாமா, என்னை மன்னிச்சிடுங்க மாமா" என்று அவர் காலில் விழுந்தான். எனக்குக் கொலைவெறி வந்தது. இவரோ இடது கையால் அவனைத் தூக்கி உட்காரவைத்து, என்னிடம் டீ போடச் சொன்னார். அத்தனை நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அவர்கள் போனதும், தம்பி மேல் நான் போலீஸில் கொடுத்திருந்த புகாரைத் திரும்ப வாங்கச் சொன்னார்.

"உன் கைய வேவ வச்சவனுக்கு டீயும் குடுத்து, கேஸையும் வாபஸ் வாங்கணுமா? உனக்குச் சூடு சொரணையே இல்லியா?" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அவன் பொண்டாட்டிக்காக அடிச்சான். அவ சாவக் கெடந்தா, அடிச்சான். ஆஸ்பத்திரில கலந்தியான்னு நீ யாருக்காகக் கேட்ட?" என்றார்.

உனக்காக என்று பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். "துன்னவங்களுக்காக" என்றேன்.

"சரி" என்றார்.

இப்போது அடுப்பில் நிற்கிறவள் நான். அவர் பக்கத்தில் நின்று இடது கையால் காசு வாங்குகிறார், தட்டை நீட்டுகிறார். கடை திறந்ததும் போடுகிற முதல் தட்டு அவருக்கு. வாங்கினவர் உடனே வாயில் வைக்க மாட்டார். வரிசையில் நிற்கிற கம்பெனி ஆட்கள், ஆட்டோக்காரர்கள், சில நாள் என் தம்பி, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "இதுல என்னா கலந்த?" என்று கேட்பார். அரிசி, முட்டை, கறி, எண்ணெய், உப்பு, மிளகு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை தின்ன மாட்டார். கூட்டம் சிரிக்கிறது, புருஷன் பொண்டாட்டி விளையாட்டு என்று நினைக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை. நான் தினமும் பதில் சொல்கிறேன்.