இரண்டு நியூட்டன் மீட்டர்

என் வேலை டார்க் ரெஞ்சுகளைச் சோதிப்பது. ஒரு திருகை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவில் பிடியைத் திருப்பி வைத்தால், அளவு வந்ததும் 'க்ளிக்' என்று கைக்குச் சொல்லிவிடும் கருவி அது. மேற்கு சிட்னியின் பட்டறைகளிலிருந்தும் லிஃப்ட் கம்பெனிகளிலிருந்தும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டி பெட்டியாக வரும். சரியாக இருந்தால் தேதி போட்ட பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். தவறென்றால் சிவப்பு. சிவப்போடு ஒரு குறிப்பும் போகும்: ஒன்று, வேலை முடிந்ததும் பிடியைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். இரண்டு, இதை வைத்துத் திருகுகளைக் கழற்றாதீர்கள். இதை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று நினைவில்லை.

வீட்டிலும் எனக்கென்று ஒரு சின்ன ரெஞ்ச் உண்டு. ரைஃபிளில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் குழாய், பொருத்துவதற்காக வாங்கியது. நான் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிறு மதியம் நூலகத்தில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கிளப்புக்கு என்னை இழுத்துப் போனது, நார்த்மீட்டில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட தோழி. இலங்கையின் மன்னார்க்காரி. ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டு, அதே சட்டையோடு நேரே சுடுகளத்துக்கு வருவாள். இருவரும் ஒன்றாக உரிமம் எடுத்தோம். ரைஃபிள் என்னுடையது. நான் சுடுவேன், அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு தொலைநோக்கியில் இலக்கையும் காற்றையும் பார்த்துச் சொல்லுவாள். கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை இப்படி இருவர் சேர்ந்து சுடும் போட்டி உண்டு. போன வருடம் நடந்ததற்குக் கொஞ்ச நாளில் அவளுக்கு மெல்பர்னில் ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்து அங்குள்ள கிளேட்டனுக்குப் போய்விட்டாள். "போட்டிக்கு மட்டும் கட்டாயம் வருவன். நீ வேற ஆளைப் பிடிச்சியோ, கொல்லுவன்" என்று வாசலில் நின்று சொன்னாள்.

இந்த வருடப் போட்டிக்கு முந்தைய வாரம் புது ஸ்கோப்பை நான் தனியாகப் பொருத்தினேன். உண்மையில் இரண்டு பேர் வேலை அது. ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக்கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும், மற்றவர் திருகை இறுக்க வேண்டும். முன்பெல்லாம் அவள் கம்பளத்தில் கவிழ்ந்து படுத்து, "இன்னும் கொஞ்சம். கூடிப்போச்சு. திருப்பி வா. ஓம், நில்லு, மூச்சு விடாத" என்பாள். இந்த முறை பால்கனிக் கம்பியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அந்த நூலோடு கோட்டை ஒப்பிட்டேன். பார்ப்பேன், எழுந்து வருவேன், கால் சுற்று திருப்புவேன், திரும்பப் போய்ப் பார்ப்பேன். எழுந்து படுத்து முழங்கால் சிவந்துவிட்டது. பிறகு ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மேல் வளையங்களின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். ஸ்கோப்போடு வந்த தாளில் போட்டிருந்த இறுக்க அளவு இரண்டு நியூட்டன் மீட்டர். ஒவ்வொன்றும் க்ளிக் என்றது. வளையத்தின் ஓரத்தில் ஸ்கோப் குழாய்மேல் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். நகர்ந்தால் தெரியும்.

நகர்ந்தது. சனிக்கிழமை களத்தில் முதல் மூன்று குண்டுகள் ஒன்றாக விழுந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போயிற்று. பத்தாவதோடு நிறுத்திவிட்டுப் பென்சில் கோட்டைப் பார்த்தேன். வளையத்தை விட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ரைஃபிள் உதைக்கும்போதெல்லாம் குழாய் வழுக்கியிருக்கிறது.

காரில் உட்கார்ந்து சாத்தியங்களைப் பட்டியல் போட்டேன். வளையம் பொருந்தாதது. குழாயில் எண்ணெய். திருகு மறை தேய்ந்தது. நான்காவதாக எழுத வேண்டியதை எழுதாமல் பேனாவை மூடினேன். எழுதாவிட்டாலும் அது எனக்குத் தெரியும்.

அவள் வீடு காலி செய்த அன்று தன் கட்டிலைக் கழற்றினாள். அதற்கான அறுகோணச் சாவி, ஆலன் கீ, கிடைக்கவில்லை. அலமாரியிலிருந்த என் ரெஞ்சை எடுத்து, பிடியைக் கடைசி வரைக்கும் முறுக்கி, எதிர்ப்பக்கமாகத் தொங்கித் தொங்கித் திருகுகளைக் கழற்றினாள். நான் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவதாக இருந்தால் பிடுங்கியிருப்பேன். வாயைத் திறந்தால் ரெஞ்சைப் பற்றி மட்டும் பேசி நிறுத்த முடியாது, போகாதே என்று வந்துவிடும் என்று பயந்து சும்மா இருந்தேன். அவள் போனதும் முறுக்கியபடியே அதைப் பெட்டியில் வைத்து மூடினேன். அதற்குப் பிறகு ஸ்கோப் மாட்டும் நாளில்தான் திறந்தேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் என் ரெஞ்சைச் சோதனைக் கருவியில் மாட்டினேன். இரண்டில் வைத்தால் ஒன்று புள்ளி இரண்டில் க்ளிக் என்றது. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு வருடம் முறுக்கில் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்து, திருகு இறுகும் முன்பே க்ளிக் என்றிருக்கிறது. ஊராருடைய ரெஞ்சுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், என்னுடையதற்குச் சிவப்பு ஒட்டி, ஆய்வுக்கூடத்தின் ரெஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அன்று மாலையே திருகுகளைத் திரும்ப இறுக்கினேன். செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டேன்.

"என்னடி இஞ்சினியர் அம்மா, திருகு எல்லாம் சுகமோ?"

"உன்னாலதான் ஸ்கோப் வழுக்குச்சு. கட்டிலைக் கழட்டினியே, ஞாபகம் இருக்கா?"

"ஐயோ, அந்தக் கட்டிலை இஞ்ச வந்து பூட்டவே இல்ல. மூண்டு திருகு காணேல்ல. நான் மெத்தையை நிலத்தில போட்டுத்தான் படுக்கிறன்." சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் குரல் மாறியது. "நானே உனக்குப் போன் எடுக்க இருந்தனான். ஞாயிறு வர ஏலாது போல கிடக்கு. திங்கள் காலமை என்ர மேற்பார்வையாளருக்கு முன்னால ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேணும். இஞ்சத்தப் பிள்ளையள் எல்லாம் சேர்ந்து ஒத்திகை வைக்கிறம். அடுத்த வருசம் கட்டாயம்."

"பரவாயில்ல" என்றேன்.

"கோவமோ?"

"இல்லடி. வேலை முக்கியம்."

வைத்துவிட்டு அரிசியைக் கழுவினேன். இரண்டு ஆழாக்குப் போட்டிருந்தேன். குக்கரை மூடுவதற்கு முன்னால் மறுபடி போனை எடுத்தேன்.

"பரவாயில்லன்னு சொன்னது பொய்" என்றேன். "நீ வருவேன்னு நான் வருஷம் பூரா நாள் எண்ணிட்டு இருந்தேன். நீ போனதுலேர்ந்து ஞாயித்துக்கிழமைல நான் யார்கிட்டயும் தமிழ்ல பேசறதில்ல."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பிறகேன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்ல?" என்றாள். "நீ சந்தோசமா அனுப்பிறாய் எண்டுதான் நான் நினைச்சனான். ஒரு சொல்லும் கதைக்காமல் பெட்டி எல்லாம் நம்பர் போட்டுத் தந்தாய்."

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இல்ல" என்றாள். "போயிருப்பன். ஆனா தெரிஞ்சிருக்கும்."

யாரோ அவளை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். "பிறகு எடுக்கிறன், என்ன?" என்று வைத்தாள்.

ஞாயிறன்று இருவர் போட்டிக்கான படிவத்தை நான் வாங்கவில்லை. தனியாகச் சுடுவோர் பட்டியலில் என் பெயரை எழுதினேன். காற்றைச் சொல்ல ஆள் இல்லாததால் கொடியைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். இரண்டு முறை தப்பாகப் போட்டேன். குழாய் நகரவில்லை. பதினொன்றாவது இடம். மதிப்பெண் தாளை மடித்து ரைஃபிள் பையின் பக்கவாட்டில் வைக்கும்போது போன் அதிர்ந்தது. எத்தனையாவது என்று அவள் கேட்டிருந்தாள். பதினொன்று என்று அனுப்பினேன். கீழே இன்னொரு வரி எழுதினேன்: நீ இருந்திருந்தா ஏழாவது.

பதில் வரவில்லை, அவள் ஒத்திகைக்குத் திரும்பியிருப்பாள். நான் காரில் ஏறி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.