சல்லடையில் மிஞ்சிய நீலம்

திருப்பூரில் சாம்பிள் என்றால் பனியன், இல்லாவிட்டால் டி-சர்ட். எங்கள் ராயபுரம் வீட்டுக்குக் கூரியர் கொண்டுவருபவர் முதல் தடவை அட்டைப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, இது எந்த வெளிநாட்டு பையருக்குப் போகிற சாம்பிள் என்று கேட்டார். அரபிக்கடலின் அடியிலிருந்து எடுத்த சேறு என்றேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த தடவை வாசலில் நின்றே, "சேறு வந்திருக்குதுங்கம்மா" என்று குரல் கொடுத்தார். இந்த ஊரில் யாருடைய தொழிலையும் இரண்டாம் தடவை வேடிக்கை பார்க்க மாட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து குடியேறியதில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

கடலாய்வு நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் இழுக்கும். கடலில், மணல் துகள் அளவே உள்ள ஓட்டைக் கட்டிக்கொண்டு வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் உண்டு. ஃபோராமினிஃபெரா என்பது முழுப்பெயர். அந்தப் பெயரை நாள்முழுக்கச் சொல்ல முடியாது என்பதால் ஃபோரம் என்போம். அவை செத்ததும் ஓடுகள் கடலடியில் போய்ப் படிகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு இனத்துக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும், இன்னொன்றுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நீளக் குழாயை இறக்கிச் சேற்றை அடுக்கு கலையாமல் எடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் சல்லடையில் கழுவி, எந்த இனம் எவ்வளவு என்று எண்ணினால், அந்தக் காலத்துக் கடல் எப்படி இருந்தது என்று தெரியும்.

நான் தேடியது ஒரே ஒரு இனத்தை. தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் கடலின் மேல்நீர் ஒதுங்கும். அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும். அந்த நீரில்தான் இந்த இனம் பெருகும். ஆகவே ஓடுகள் அதிகம் என்றால் காற்று அதிகம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து எங்கள் மொட்டைமாடித் துணிகளைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகிறதே, அதே காற்று.

என் பெயர் பல கட்டுரைகளில் அச்சாகியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே இடம்தான்: கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், கப்பல் ஊழியர்களுக்கும் நிதி கொடுத்தவர்களுக்கும் நடுவில். நான் கழுவி, பொறுக்கி, எண்ணிக் கொடுத்ததை வைத்து மற்றவர்கள் பழைய காலத்து மழையைப் பற்றிப் பேசினார்கள். குறையாகச் சொல்லவில்லை, நடைமுறை அதுதான். ஓய்வு பெற்ற பிறகு, என் இடத்தில் இப்போது இருக்கும் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். நம் கரையோரத்தில் எடுத்த சேற்றுத்தூண் ஒன்று யாரும் தொடாமல் கிடக்கிறது, வீட்டிலிருந்தே எண்ணுங்கள், கட்டுரையை நீங்களே எழுதுங்கள், உங்கள் பெயர்தான் முதலில் வரும் என்றார். சரி என்று சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் நாகரிகத்துக்குச் சற்றுக் குறைவு.

என் கணவர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தறியில் தொடங்கி, பனியனுக்கு மாறி, முருகனை மட்டும் மாற்றாத குடும்பம் அவருடையது. அவர் வேலை இங்கே, என் வேலை மேற்குக் கடற்கரையில். எங்கள் மணவாழ்க்கையில் பாதியை ரயில்வே நடத்தியது. இப்போது இருவரும் ஒரே கூரையின் கீழ் முழுநேரமும் இருக்கிறோம். நடைமுறை தெரிந்த இரண்டு பேர் ஒரே சமையலறையில் இருந்தால் சாம்பார் கொதிக்கும் முன்பே ஆட்சேபம் வரும் என்பது எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத செய்தி.

பின்கட்டு அறையில் நுண்ணோக்கியை வைத்தேன். பக்கத்தில் தையல் யூனிட் இருப்பதால் ஜன்னலைத் திறக்க முடியாது. மூடினாலும் பஞ்சு வரும். லென்சுக்குக் கீழே ஓட்டின்மேல் சிவப்பு இழை விழுந்து கிடந்தால், பக்கத்தில் சிவப்பு ஆர்டர் ஓடுகிறது என்று அறிந்துகொள்வேன். அறைக்கு நான் வைத்த விதிகளில் முக்கியமானது, அமிலம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது. ஓடுகள் சுண்ணாம்பால் ஆனவை. அமிலம் பட்டால் கரைந்துவிடும். எலுமிச்சம்பழ ஊறுகாய்க்குக்கூட அனுமதி இல்லை. கணவர் அதை மதித்து, தயிர்சாதத் தட்டை வாசற்படியோடு நிறுத்திக்கொள்வார்.

இன்னொரு நடைமுறையைச் சொல்லவேண்டும். ஒரு சேற்றைக் கழுவினால் சல்லடைக் கண்களில் சில ஓடுகள் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அடுத்த சேற்றைக் கழுவும்போது அவை விழுந்து கலந்தால், கணக்கு கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் கழுவி முடித்ததும் சல்லடையை மெதிலீன் நீலம் என்ற சாயத்தில் முக்குவோம். சிக்கியிருப்பவை நீலமாகிவிடும். அடுத்த சாம்பிளில் நீல ஓடு தெரிந்தால், அது பழைய பாக்கி, ஒதுக்கிவிடு என்று பொருள். ஆய்வகத்தில் இதில் என்னைவிடக் கெடுபிடியானவர் கிடையாது. நீலம் படாத சல்லடையைக் கண்டால் நான் பேசிய பேச்சை என் பிரிவுபசாரக் கூட்டத்தில்கூட ஒருவர் நினைவுகூர்ந்தார், பாராட்டு மாதிரி.

ஆடி பிறப்பதற்குச் சற்று முன்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அரபுக் கரைப் பக்கத்துச் சேறு ஒன்றும் வந்திருந்தது. அங்கே காற்று எப்போதும் பலம். என் இனம் அதில் கொட்டிக்கிடந்தது. அதைக் கழுவினேன், சல்லடையை நீலத்தில் முக்கினேன், உலரவைத்தேன். மறுநாள் தாராபுரத்தில் என் அண்ணன் வீட்டில் காதுகுத்து. போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து, நம் கரைச் சேற்றில் நடுவே மீதியிருந்த ஓர் அடுக்கைக் கழுவினேன். ஓடு அதிகம் இல்லாத ஏழை அடுக்கு. சல்லடை பளிச்சென்று இருந்தது. என் கை சுத்தத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எண்ணியபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த அடுக்கில் என் இனம் மேலும் கீழும் உள்ள அடுக்குகளைவிடப் பல மடங்கு இருந்தது. காற்று ஓய்ந்திருந்ததாக எல்லோரும் எழுதிவைத்திருக்கும் ஒரு காலத்தில், நம் கரையில் அது திடீரென்று வெறிகொண்டு வீசியிருக்கிறது. கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வேட்டியைக் கொடியில் போட்டு, காற்றுக்குப் பயந்து கிளிப்பும் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் காலத்துலயும் இப்படித்தான் பிச்சு எடுத்திருக்குது. கிளிப்பு இல்லாம என்ன பண்ணுனாங்களோ" என்றார்.

என் இடத்துப் பெண்மணிக்குப் படம் வரைந்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் போடலாம், அடுத்த கருத்தரங்கில் நீங்களே வந்து பேசவேண்டும் என்றார். ஒரு வாரம் மிகவும் நன்றாக இருந்தது. என்ன புடவை என்பதுவரை யோசித்தாகிவிட்டது. அந்த வாரத்தில் நான் வைத்த ரசத்தைக் கணவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

எண்ணி முடித்த ஸ்லைடை ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்பதும் நடைமுறை. பார்த்தேன். என் இனத்து ஓடுகள் சிலவற்றில், ஓட்டின் குட்டி அறைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், வெளிறிய நீலம் இருந்தது. பக்கத்து யூனிட்டின் சாயம் போன நூலாக இருக்கும் என்று தூரிகையால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும். போன வாரம் வெள்ளையாக இருந்தவை. வெள்ளை ஓடு தானாக நீலமாகாது. ஏற்கெனவே நீலமாக இருந்து, நிறத்தை இழந்து, காற்றுப் பட்டுத் திரும்பப் பெறுவதுதான் அப்படிச் செய்யும். நிறத்தை அப்படிப் பறிக்க ஒரு மருந்து உண்டு. எங்கள் ஊரில் அது சாயப்பட்டறைக்குப் பட்டறை மூட்டையில் இருக்கும். எங்கள் வீட்டில் குளியலறை அலமாரியில், மூடி இறுக்கிய டப்பாவில் இருந்தது. ஹைட்ரோஸ்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலையைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, என்ற சல்லடைல கை வெச்சீங்களா?"

"வெக்காம?" என்றார், சந்தோஷமாக. "நீ தாராபுரம் போயிருக்கறப்ப. திட்டுத்திட்டா நீலம். டையிங் மாஸ்டர் ஊட்ல அப்படி ஒரு சாமான் இருந்தா பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"என்ன போட்டீங்க?"

"சோடாவும் ஹைட்ரோசும். நல்ல சுடுதண்ணி. ஒட்டுன நீலம் எங்கியோ போயிருச்சு. கண்ணு கிழிஞ்சிருமேன்னு தேய்க்கக்கூட இல்ல."

"அப்பறம் ஆசிட் வாஷ்?"

ஹைட்ரோஸுக்குப் பிறகு அசெட்டிக் அமிலத்தில் ஒரு அலசு கொடுத்தால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. ஆயுள் முழுவதும் அதை விட்டுவிட்டு வந்த ஆட்களை அவர் திட்டியிருக்கிறார்.

"உன்ற பண்டத்துக்கு ஆசிட் ஆகாதுன்னு நீதான சொல்லி வெச்சிருக்கற, அம்மிணி. அதான் அத மட்டும் உட்டுட்டேன்."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். அவர் தன் நடைமுறையை முழுதாகச் செய்திருந்தால், அமிலம் கண்களில் சிக்கியிருந்த ஓடுகளை ஒன்றுவிடாமல் கரைத்திருக்கும். சல்லடை உண்மையாகவே சுத்தமாகியிருக்கும். எனக்குப் புயல் எதுவும் கிடைத்திருக்காது. என் நடைமுறையை விட்டுவைத்திருந்தால் ஓடுகள் நீலமாகவே விழுந்திருக்கும். இரண்டையும் பாதிப்பாதியாக, என்மேல் உள்ள மரியாதையால், கலந்துவிட்டார். விஞ்ஞானத்தில் பிழை நேர நான் அறிந்த வழிகளில் மரியாதை இல்லை. சேர்த்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் கையை நிறுத்திக்கொண்டு கேட்டார். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார். ஒரு லாட் துணியின் சாயம் அடுத்த லாட்டில் ஒட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. அந்த வெறிக்காற்று அரபுக் கரையில் வீசிய காற்று, நம் சல்லடை வழியாக இங்கே வந்தது, அவ்வளவுதான்.

"அப்ப உன்ற பேரு?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன்.

நல்லவேளையாக இன்னொரு நடைமுறை இருந்தது. ஒவ்வொரு அடுக்கையும் கழுவுமுன் பாதியை எடுத்துத் தனிக் குப்பியில் வைத்துவிட வேண்டும். யாரும் வைப்பதில்லை. நான் வைப்பேன். அந்தக் குப்பியில் என் கேள்விக்கான பதில் இருந்தது, திறக்க மனமில்லாமல் ஒரு நாள் அப்படியே விட்டிருந்தேன். மீதிப் பாதியிலும் அந்தக் காற்று வீசியிருக்கக்கூடாதா என்று ஒரு மனம். படித்தவளுக்கு அழகில்லைதான். ஆனால் அந்த மனமும் இருந்தது.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து சத்தம். அவர் சல்லடைகளை வரிசையாக வைத்து, மெதிலீன் நீலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார். நான் கரைப்பது ஷேடே இல்லை, வெறும் அழுக்கு என்றார். வெதுவெதுப்பான நீரில், சீராக, திருப்பித் திருப்பி முக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்தியில்லாமல் இன்னொரு தடவை முக்கினார். ஏற்றுமதிக்குப் போகிற துணிக்குக்கூட அவர் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார். கோபமாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன்; அவருடைய முதுகைப் பார்த்ததும் அது முடியாமல் போயிற்று.

மீதிப் பாதியைக் கழுவினேன், உலர்த்தினேன், எண்ணினேன். அரபுக் கரையின் மிச்சங்கள் இந்தத் தடவையும் சில விழுந்தன, ஆனால் பள்ளிச் சீருடை போட்டதுபோல் ஒரே நீலமாக. ஒதுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. மற்றபடி என் இனம் மேலடுக்கில் எவ்வளவோ, கீழடுக்கில் எவ்வளவோ, நடுவிலும் அவ்வளவே. வரைந்தால் ஒரு நேர்க்கோடு.

என் இடத்துப் பெண்மணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஹைட்ரோஸ் என்றால் என்ன என்று கேட்டார், விளக்கினேன். அப்புறம் சிரித்தார், அப்புறம் மன்னிப்புக் கேட்டார். கட்டுரை நிற்கும், முதல் பெயரும் நிற்கும், தலைப்பை மட்டும் மாற்றிவிடலாம் என்றார். நீண்ட காலம் காற்று மாறாமல் வீசியது என்பதும் செய்திதான், யாரும் அதற்குக் கைதட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், ஒரு சாயங்காலம் இருந்தது. இரவுச் சாப்பாட்டில் ரசத்தைக் கணவர் மறுபடி குறை சொன்னார். வீடு பழையபடி ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

போன வாரம் கட்டுரையை எழுதி முடித்தேன். செய்முறைப் பகுதியில் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன்: நீலமிட்ட சல்லடைகளில் ஹைட்ரோஸ் போன்ற எதையும் எக்காரணம் கொண்டும் போடக்கூடாது. கட்டுரையைச் சரிபார்க்கும் நடுவர்கள் இது ஏன் என்று கேட்பார்கள். திருப்பூரில் வாழ்ந்து பாருங்கள் என்று பதில் எழுதுவதாக உத்தேசம்.

தலைப்புக்குக் கீழே என் பெயர் முதலில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், கப்பல் ஊழியர்களுக்கும் நிதி கொடுத்தவர்களுக்கும் நடுவில், நான் அத்தனை காலம் குடியிருந்த இடத்தில், சல்லடைகளுக்கு நீலமிட்டு உதவியதற்காக என்று கணவர் பெயரைப் போட்டேன். அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"பேருக்கு முன்னால மாஸ்டர்னு போடல?" என்றார்.

இப்போது போட்டிருக்கிறேன்.