பந்தில் படாத கோட்டுக் கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள், கண்டியில், துரைமாரின் கிளப்பில், பந்தில் படாத ஒரு கோட்டுக் கையைப் பட்டது என்று சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னேன். அதனால் ஒருவரின் வேலையும் பெயரும் போயின. போனது அவ்வளவுதான் என்று நாலு வருடம் நினைத்திருந்தேன்.

நான் அந்தக் கிளப்பில் கிளாக்கர், கணக்கும் கடிதமும் எழுதுபவன். யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்ற நினைப்பு எப்போதும் எனக்கு உண்டு. வேலையும் பெயரும் இழந்தவர் அங்கே மார்க்கர். ஸ்நூக்கர் மேசையைத் துடைத்து, பந்துகளை அடுக்கி, துரைமார் ஆடும்போது புள்ளி சொல்வது அவர் வேலை. துணையில்லாமல் வரும் துரையோடு தானும் ஆடுவார், ஆடித் தோற்பார். அது எழுதாத சட்டம். மிக மோசமாகத் தோற்றால் துரைக்குச் சலிப்பு; வென்றால் கோபம். ஆகவே நாலைந்து புள்ளியில் தோற்கவேண்டும். துரைமார் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு ஆடுவார்கள். மார்க்கருக்கு அது ஆகாது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டோடுதான் ஆடவேண்டும். ஒரு பந்துக்கு மேலாகக் கையை நீட்டும்போதெல்லாம் கோட்டின் தொளதொளத்த கை அவருக்குத் தொல்லை.

வேலை முடிந்ததும் நானும் மார்க்கரும் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் தேநீர்க் கடையில் உட்காருவோம். உலகத்திலேயே பெரிய ஸ்நூக்கர் ஆட்டக்காரர் யார் என்பதுதான் அங்கே தீராத பேச்சு. கிளப்புக்கு வரும் பழைய பத்திரிகைகளில் சீமைச் சாம்பியனைப் பற்றிப் படித்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவேன்.

"நம்மட மார்க்கர்தான் பெரிய ஆள்," என்பார் நானா.

"நானா, அந்த மேசையை நீங்கள் கண்ணாலை கண்டிருக்கிறியளோ?"

"மக்காவையும்தான் நான் காணல்ல. அதுக்காக இல்லையெண்டு ஆகுமா?"

கடையே சிரிக்கும். நானா விடமாட்டார். "கிளாக்கர், உங்கட சாம்பியன் நாலு புள்ளியில தோத்துக் காட்டுவாரா? வெல்லுறதவிட அது கஷ்டம். இவர் அத நாளும் செய்றார்."

மார்க்கர் தேநீரைப் பார்த்தபடி சிரிப்பார். "சும்மா இருங்க நானா. கிளாக்கரையா படிச்சவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நானாவிடம் வாயடைத்துப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்த ஒருவரை நான் கொண்டாடும் சாம்பியனுக்கு மேலே வைப்பது இன்னும் பொறுக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சாம்பியன் ஒருமுறை பயணத்தின் நடுவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் கண்டிக்கே வந்துவிட்டார். துரைமாரை எளிதாக வென்றுவிட்டு, இங்கே நன்றாக ஆடுபவர் யார் என்று கேட்டார். யாரோ சிரித்துக்கொண்டே மார்க்கரைக் காட்டினார்கள். செயலாளர் துரை அவரைக் கூப்பிட்டு, நாளைக்குச் சாம்பியனோடு ஆடவேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றார். கோட்டைக் கழற்றலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் மார்க்கர் வந்தபோது, கோட்டின் இரண்டு கைகளும் மணிக்கட்டோடு ஒட்டத் தைக்கப்பட்டிருந்தன. "எங்க வீட்டுல தச்சுக் குடுத்துச்சு," என்று நீட்டிக் காட்டினார். நெருக்கமான, சிறிய தையல்.

மார்க்கரே ஆடியதால் புள்ளி சொல்வது என் பொறுப்பாயிற்று. கடைசியில் நீலம், பிங்க், கறுப்பு என்று மூன்று பந்துகள் மிஞ்சின. அவர் நாலு புள்ளி பின்னால். பிங்க் பந்துக்கு மேலாக எட்டிக் கையை ஊன்றி நீலத்தை அடித்தார். அது பைக்குள் விழுந்தது. ஐந்து புள்ளி, இப்போது ஒன்று முன்னால். வெள்ளைப் பந்து மெல்ல உருண்டு பிங்க்குக்கு நேரே போய் நின்றது. அடுத்ததை நான்கூட அடித்திருப்பேன். நானாவின் சிரித்த முகம் என் முன்னே வந்தது.

"ஃபவுல்," என்றேன். "கோட்டுக் கை பிங்க்கில் பட்டது."

அந்த ஆட்டத்தில் உடை வேறொரு பந்தில் பட்டாலும் பிழை; தன் பிழையை ஆடுபவர் தானே சொல்லவேண்டும். சொல்லாதவன் கள்ளன். பட்டதா என்று செயலாளர் கேட்டார். மார்க்கர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலீங்க துரை. கிளாக்கரையா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

துரைமாருக்கு அது மழுப்பலாகத் தெரிந்தது. நீலப் பந்து மேசைக்குத் திரும்பியது. சாம்பியன் மூன்றையும் அடித்து முடித்தார். மறுநாள் மார்க்கரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

நாலு வருடம் கழித்து, மார்க்கர் கலஹாப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் இருப்பதாகவும் மனைவி இறந்துவிட்டதாகவும் நானா சொன்னார். துக்கம் விசாரிக்கப் போனேன். லயத்து வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்தார். பிறகு சொன்னார்:

"ஒரு விசயம் மனச அறுக்குதுங்க. அன்னைக்கு அவ கோட்டுக் கைய சரியாத் தைக்கலன்னு ஏசிப்புட்டேன். தையல் நழுவித்தான் பந்துல பட்டிருக்கும்னு. அதுக்கப்புறம் எப்பக் கோவம் வந்தாலும் அதத்தான் சொல்லுவேன். 'நான் இறுக்கித்தானே தச்சேன்'னு அவளும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. சாகுறதுக்கு முந்தின வாரங்கூடச் சொன்னா."

"படேல்லை," என்றேன்.

"என்னாங்க?"

"கை படேல்லை. அவ இறுக்கித்தான் தைச்சவ. நான்தான் பொய் சொன்னனான்."

"எதுக்குங்க?"

தேநீர்க் கடைப் பேச்சில் வெல்வதற்காக என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்ப முடியவில்லை. கிளப்பில் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்கிறேன், என் வேலை போனாலும் போகட்டும் என்றேன்.

"தொரமாருக்கு வேணாங்க," என்று எழுந்தார். "அவகிட்டச் சொல்லுங்க."

தேயிலைச் சரிவுக்குக் கீழே ஒரு மரச் சிலுவை. அதன் முன்னால் நின்று, "அம்மா, நீங்கள் இறுக்கித்தான் தைச்சனீங்கள். பட்டதெண்டு நான்தான் பொய் சொன்னனான்," என்றேன். அவர் குனிந்து, மண்ணில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பேராதன பஸ்சு போயிரும். போங்க," என்றார், திரும்பாமல். அதன்பின் அவரை நான் காணவில்லை.

மறுவாரம் கிளப்பிலும் சொன்னேன். செயலாளர் புதியவர், எந்த ஆட்டம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பின்னேரம் நானாவிடம் சொன்னேன். அவர் என் முன்னாலிருந்த கோப்பையை எடுத்துக் கழுவப் போனார். நான் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.