வெளுக்கப் போட்ட ரோஜா

அறுபதுகளில் எங்கள் பனியன் கம்பெனி முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. தன் வீட்டுத் தோட்டத்துச் சிவப்பு ரோஜாவைப் பனியன் டப்பாவில் படமாகப் போட வேண்டும். கேமராவும் வாங்கிவிட்டார். கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்த பாவத்துக்கு, கட்டிங் மேஜையிலிருந்து என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் செடிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

முதல் பிலிம் சுருளைக் கழுவியதும் முதலாளியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏனுங்க, ரோஜாவ எடுக்கச் சொன்னா அடுப்புக்கரிய எடுத்துட்டு வந்திருக்கறீங்க?"

கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு கருப்பாகத்தான் விழும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் காதில் பாதிதான் ஏறியது. திருப்பூரில் எது வெள்ளையாக வராவிட்டாலும் மருந்து ஒன்றுதான்.

"அதுக்கென்னுங்க, வெளுத்துட்டாப் போச்சு!"

மறுநாள் காலை நல்ல வெயிலில், சலவைப் பட்டறை மேஸ்திரி பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியோடு தோட்டத்துக்கு வந்து நின்றார்.

ரோஜா என்ன ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. புதுச் சுருளில் எட்டுப் படம். ஏழு ரோஜாவுக்கு, கடைசி எனக்கு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் என் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறாள். பார்த்துக்கொண்டிருக்க அவள் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவளோ, "நான் கருப்புங்க, போட்டோவுல மூஞ்சியே தெரியாதுங்க" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில் பனியன் மடிக்கிறவள்தான். அதனால் செடிக்குப் பின்னால் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்கும் வேலையை அவளுக்கே வாங்கிக் கொடுத்தேன்.

மேஸ்திரி நனைத்த துணியால் இதழ்களை ஒற்றினார். ரோஜா பழுப்பானது. "நீலம் போடுங்க, பளிச்சுனு வரும்" என்றார் முதலாளி. நீலமும் போட்டாயிற்று. ஒவ்வொரு ஒற்றுக்கும் "இப்ப எடுங்க!" என்று கத்தினார்.

"துணின்னா ஒரு நாள் ஊற வெப்பமுங்க," என்றார் மேஸ்திரி கவலையோடு. "செடிய எப்படீங்க ஊற வெக்கறது?"

ஏழு படம் தீர்ந்தது.

"அந்தக் கடைசியையும் பூவுக்கே போட்டுருங்க. உங்கூட்டு அம்மிணிய அப்பறம் பாத்துக்கலாமுங்க," என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். மேஸ்திரி இன்னொரு ஒற்று ஒற்றினார். மிச்சமிருந்த இதழ்கள் அத்தனையும் அவர் கையோடு வந்துவிட்டன. என் மனைவி அடக்க முடியாமல் சிரித்தாள். அமுக்கினேன்.

படத்தில் கீழே ஒரு மொட்டைக் காம்பு. துணிக்கு மேலே, வாய்கொள்ளாத சிரிப்போடு அவள். முதலாளி வெகுநேரம் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"கருப்பாத்தானுங்க விழுந்திருக்குது," என்றார். "ஆனா இத வெளுக்க வேண்டாமுங்க."

படத்தை என் சட்டைப்பையில் அவரே வைத்தார். டப்பாவில் கடைசியில் ஒரு கிளியை வரைந்து போட்டார்கள்.

"மொதலாளியா அப்படிச் சொன்னாருங்க?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். தாய் வீட்டுக்குக் கிளம்பும்போது, அங்கே எல்லாருக்கும் காட்ட வேண்டுமென்று அந்தப் படத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள்.

எனக்கு மிஞ்சியது நெகடிவ். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதில் எல்லாமே தலைகீழ். துணி கருப்பு, அவள் முகம் வெள்ளை வெளேரென்று, மேஸ்திரி அவளையும் ஒற்றிவிட்ட மாதிரி. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அன்றைக்கே ஸ்டுடியோவுக்கு ஓடினேன், அவளைத் திரும்பக் கருப்பாக்க.