பூக்காத இட்லிப்பூச் செடி

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இட்லிப்பூச் செடி நிற்கிறது. திண்டிவனம் ரோட்டோர நர்சரியில் வாங்கியது. சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று நர்சரிக்கார அம்மா சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு வருடமாகியும் ஒரு பூ இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே போய், பத்துப் பேர் முன்னால், "மலட்டுச் செடிய என் தலையில கட்டிட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "போட்டோ இருக்குதா சார்?" என்றார். செல்போனில் காட்டினேன். பந்து மாதிரி உருண்டையாகக் கத்தரித்த செடி. எனக்கு அதில் பெருமை வேறு.

"யாரு சார் இப்டி வெட்றது?"

"நான்தான். மாசாமாசம்."

"வெட்டிக்கினே இருந்தா எப்டி சார் பூக்கும்? இதுக்கு நுனியிலதான் மொக்கு வரும். வெட்டிப் போட்டத எடுத்துப் பாருங்க."

நம்பாமல்தான் வீட்டுக்கு வந்தேன். காலையில் வெட்டிய நுனிகள் குப்பைக்கூடையில் கிடந்தன. ஒன்றை எடுத்து இலைகளை விலக்கினேன். குண்டூசித் தலையைவிடச் சின்னதாய், நெருக்கமாய்ப் பச்சை மொட்டுகள்! இன்னொன்றிலும் இருந்தன. கூடையையே தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அதோடு கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டேன். மூன்றாம் மாதம் செடி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு சிவந்து நின்றது.

ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். கத்தியது பத்துப் பேர் முன்னால். மன்னிப்புக் கேட்க மட்டும், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். போட்டோவைப் பார்த்தே என் தப்பைக் கண்டுபிடித்தவர், இதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்?