கை படாத வண்டி

பிரிலெப் ஊரில் பிளகோயாவைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். பளிங்கு அறுக்கும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லைத் தொட்டதைவிட ஆட்களை அதட்டியதே அதிகம். இப்போது அதட்ட ஆளில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைமேட்டுக்கு வருகிறார். அங்கே வளர்ந்த ஆண்கள் ரிமோட்டில் ஓடும் சிறு ஜீப்புகளைப் பாறையில் ஏற்றுவார்கள். நான் அடிவாரத்தில் காபி விற்கிறேன்.

அந்த வசந்தத்தில் பக்கத்து ஊர் பித்தோலாக்காரர்களுடன் போட்டி. மொட்டைப் பாறையின் உச்சிக்கு வண்டியை ஏற்றுபவரே எங்கள் அணிக்குத் தலைவர் என்று முடிவானது. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. வண்டி பாறைமேல் இருக்கும்போது கை பட்டால் தோல்வி. தலைவர் பதவி பிறவியிலேயே தன்னோடு வந்தது என்பது பிளகோயாவின் எண்ணம்.

கடையில் இருந்ததிலேயே வேகமான மோட்டாரையும், அதில் மாட்டக்கூடிய மிகப் பெரிய பல்சக்கரத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவியின் தம்பி சோதிர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அத்தான், இது ரேஸுக்கு ஓட்டுறது. கம்பிச் சுத்து ஜாஸ்தியா இருக்கற மோட்டார் போடுங்க. மெதுவாத்தான் போகும், ஆனா நல்லா இழுக்கும். பல்சக்கரமும் சின்னதா இருக்கணும்."

"கழுதை மாதிரி நகர்றதுக்கு எனக்கு எதுக்குடா வண்டி? நீயும் உங்கக்காவும் ஒண்ணு. எதையும் நிதானமாத்தான் கெடுப்பீங்க."

முதல் முறை ரிமோட்டின் விசையை லேசாகத் தொட்டார், வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தவளைபோல் துள்ளி, புரண்டு, அடிவாரத்துக்கே வந்து நின்றது.

"அண்ணே, பாறைல ஏறுனா போதும். பித்தோலாவுக்கே தாவ வேணாம்!" என்றான் மிர்ச்சே. எப்போதும் வாய் ஓயாதவன்.

ஓட்டி முடித்ததும் மோட்டாரில் விரல் வைத்துப் பார்ப்பது இவர்கள் வழக்கம். மூன்று எண்ணும்வரை வைக்க முடியாவிட்டால் பல்சக்கரம் பெரிது, மாற்றியாக வேண்டும். சோதிர் சின்னச் சக்கரத்தோடு தயாராக நின்றான். பிளகோயா விரலை வைத்தார். உரக்க எண்ணினார். உதடு சிரித்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"ஐஸ் மாதிரி இருக்கு. உன் சக்கரத்த நீயே வச்சுக்கோ."

பிறகு காபிக்கு இடது கையை நீட்டினார். வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. கடவுள் கொடுத்த விரலைவிட இந்த மனிதருக்கு வாய்ப்பேச்சு பெரிது.

இரண்டாவது முறை பாதிப் பாறையில் சக்கரம் ஒரு விளிம்பில் முட்டியது. அவர் விசையை முழுதும் அழுத்தினார். புகை வந்தது. வண்டி நின்றது.

"ஊரே கூடி மொளகா சுடுற மாசம் இன்னும் வரலியே, என்ன கருகுது?" என்றான் மிர்ச்சே.

"எடுத்துருங்க அத்தான், போதும்."

"எவனும் தொடக் கூடாது! அது இளைப்பாறுது."

சோதிரின் வண்டி ஆமைபோல் ஊர்ந்து, அதைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போனது. சோதிரைத் தலைவர் என்று கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பிளகோயா மட்டும் வண்டிக்குக் காவல் நின்றார், தொடாதவரை தோற்கவில்லையாம்.

யாரும் இல்லை என்று நினைத்து, அக்கம்பக்கம் பார்த்து, இடது கையால் தூக்கிப் பையில் போட்டார். திரும்பியபோது கோப்பை துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கண்டார்.

"தானாவே எறங்கிருச்சு. பாத்தியாம்மா?"

நான் கோப்பையைத் துடைத்தேன்.

மறுநாள் சந்தையில், கட்டுப்போட்ட விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி வரைக்கும் நான் கையே வைக்கல!"