தறி நின்ற நாளில் கேட்ட பாட்டு

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், கல்யாணப் பத்திரிகை உறைமேல் விலாசமும்தான். பேசுவதிலும் கெட்டிக்காரி இல்லை. பஸ்ஸில் என் இடம் வந்தால் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். இப்படிப்பட்டவள் பாட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சங்கீதம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் கணவர் நெய்கிறார், இன்னொன்றில் நான். இரண்டும் ஓடும்போது ஒருவரோடு ஒருவர் பேசவேண்டுமென்றால் கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது. எங்கள் வீட்டில் சண்டை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று கணவர் சொல்வார். எதிர்வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் தறிதான். அமாவாசை அன்றைக்கு மட்டும் தெரு முழுக்க நின்றுவிடும். எங்களுக்கு விடுமுறை நாள் அது. தலைக்குக் குளித்து, படைத்து, சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் ரெக்கார்டு பிளேயரைத் திறப்போம்.

அந்தப் பிளேயர் என் சீரோடு வந்தது. அப்போதே அது பழசு. அப்பா புது டேப் ரெக்கார்டர் வாங்கிய சமயம் என் கல்யாணமும் வந்ததால், பழையதை எனக்குக் கொடுத்துச் சீர் சாமான்களோடு சேர்த்துவிட்டார். கூட வந்த இசைத்தட்டுகளில் ஒன்று மட்டும் எனக்கு உயிர். ஒரு பழைய சினிமாவின் பாட்டுகள். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் வீணை தனியாகத் தொடங்கும். அது அடங்கி, இல்லாமலே போய்விட்டது என்று நினைக்கும்போது, பாடுகிற அம்மா லேசாக ஒரு மூச்சு எடுப்பார். பிறகுதான் பாட்டு. அந்த மூச்சு வரும்போது கணவர் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவார்.

போன மாதம் என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சி.டி.யோடு வந்தாள். அதே பாட்டுகள். கம்ப்யூட்டரில் போட்டு, இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டு, புதுசாக மெருகேற்றியதாம். அவள் மகன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். அன்றைக்கு வேலை நாள். இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவளே டி.வி.க்குக் கீழே இருந்த பிளேயரில் போட்டாள்.

பாட்டு கேட்டதே, அது ஆச்சரியம்! தறிச் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. கணவர் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "இந்தப் பாட்டுல இவ்ளோ வார்த்தை இருக்குதா?" என்றார். நானும் கால் மிதியை நிறுத்தாமல் ஐந்தாறு பாட்டு கேட்டேன். இனிமேல் பாட்டுக்காக அமாவாசை வரை காத்திருக்க வேண்டாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நாத்தனார், "அப்ப அந்தப் பழைய தட்ட எனக்குக் குடு அண்ணி" என்று கேட்டதும், அட்டையோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அவளே போகிற போக்கில் சொன்னாள். மகன் ஸ்ரீபெரும்புதூரில் புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். இசைத்தட்டின் நடு ஓட்டையில் முள் மாட்டிச் சுவரில் கடிகாரமாகத் தொங்கவிடுவது இப்போது நாகரிகமாம். நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

அமாவாசை வந்தது. படையல் முடிந்தது. தெருவில் சத்தமில்லை. சி.டி.யைப் போட்டோம்.

முதல் பாட்டிலேயே கணவர் ஒலியைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னும் குறைத்தார். எவ்வளவு குறைத்தாலும் யாரோ வாசலில் நின்று கூப்பிடுவதுபோலவே இருந்தது. வீணையும் உரக்க, தபேலாவும் உரக்க, பின்னால் முணுமுணுக்க வேண்டிய கோரஸும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசிப் பாட்டு வந்தது. வீணை அடங்கவில்லை, கத்தரித்ததுபோல் நின்றது. மூச்சு இல்லை. இரைச்சலை எடுத்தவர்கள் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

"புடவை உடல் முழுக்க ஜரிகையப் போட்டுட்டான்மா. கரை எங்க இருக்குது, உடல் எங்க இருக்குதுன்னே தெரியல" என்றார் கணவர். புடவைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடுகிற தறிக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டைப் பரீட்சை பண்ணியிருக்கிறோம். அந்தச் சத்தத்தில் பாத்திரக்காரன் கூவினாலும் சுகமாகத்தான் இருந்திருக்கும்.

தட்டைத் திரும்ப வாங்கவேண்டும். நீங்கள் உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை போன் பண்ணுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். குடுத்தது நீ, கேட்கவேண்டியதும் நீ என்று அவர் பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். முள்ளை ஒட்டிவிட்டால் அப்புறம் கேட்டுப் பயனில்லை. ஷேர் ஆட்டோ பிடித்தேன். அதிலும் வழக்கம்போல ஒரு தெரு தாண்டித்தான் இறங்கினேன்.

நாத்தனார் வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டுதான் கண்ணில் பட்டது. மேசைமேல் அட்டையில்லாமல் கிடந்தது. பக்கத்தில் கடிகார மெஷின், முள், பசை ட்யூப். பசையின் மூடி இன்னும் திறக்கவில்லை. சாயந்திரம் மகன் வந்து ஒட்டப்போவதாகச் சொன்னாள்.

காப்பி கொடுத்தாள். குடித்தேன். அவள் மகனின் ஃப்ளாட்டில் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டேன். லிஃப்ட் உண்டா என்று கேட்டேன். இன்னொரு காப்பி கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டு எத்தனை ஜன்னல் என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அண்ணி, இன்னா விஷயமா வந்துக்கினு, ஜன்னல எண்ணிக்கினு இருக்கற?"

"அந்தத் தட்டு எனக்கு வேணும்மா" என்றேன். டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"ஏன், சி.டி. பாடலியா?"

"பாடுது. நிறையப் பாடுது. அந்தம்மா மூச்சு எடுக்கறதுதான் கேக்கல."

"நீ பாட்டக் கேக்கறியா, மூச்சக் கேக்கறியா?"

மூச்சுக்குப் பிறகு பாட்டு வருவது எப்படி இருக்கும் என்று சொல்லிக்காட்ட எனக்குத் தெரியாது. தட்டை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அமாவாசையும் அதுவுமா குடுத்தத திருப்பி வாங்க வந்துட்டு, அதுக்கு ரெண்டு டம்ளர் காப்பி வேற. எங்க அண்ணன் எப்படித்தான் உன்னோட குடும்பம் நடத்துதோ. எடுத்துக்கினு போ. ஆனா அட்டைய குடுக்க மாட்டேன், அதுல கதாநாயகி படம் நல்லா இருக்குது. அத மாட்டிக்கறேன்."

அட்டை எனக்குப் பாட வேண்டியதில்லை. தட்டைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் எங்கள் தெரு முனையில் நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னேன். நிறுத்தினார்.

வீட்டில் கணவர் தூங்கவில்லை. ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என் பையிலிருந்து தட்டை எடுத்தார். நேராக இரண்டாம் பக்கத்தைப் போட்டார். தெரு விளக்கு எரிகிற நேரம்வரை அந்தக் கடைசிப் பாட்டையே கேட்டோம்.

மறுநாள் நாத்தனாரின் மகன் அட்டையைப் பிரேம் போடக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். எங்கள் வீட்டில் இரண்டு தறியும் ஓடின.